வாசிகசாலை மேசை: தகவல் வெள்ளத்தில் கால் ஊன்றத் தொடங்குபவர்களுக்கு

1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது எனக்குப் பதினைந்து வயது. பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்றாகிவிட்டதால், எங்கள் வீட்டில் செய்தி கேட்பது உடலுழைப்பாக இருந்தது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்தி, டைனமோவிலிருந்து வானொலிக்கு வயர் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. அப்பா வானொலியில் காதை ஒட்டியபடி பிபிசி தமிழோசை கேட்பார். சில நாள்களில் வெரித்தாஸ் வானொலி. என் கை ஓய்ந்தால் அறிவிப்பாளரின் குரலும் இழுபட்டு ஓய்ந்துவிடும். செய்தி முடிந்ததும் "போதும் தம்பி, விடு" என்பார். சில்லு சுற்றி நின்றபின் முற்றத்தில் ஜாம் போத்தல் விளக்கும் பூச்சிகளின் இரைச்சலும்தான் மிச்சம். கேட்டதைப் பற்றி அயலவர்களோடு அரை மணி நேரம் பேசுவார். பிறகு எல்லோரும் பேசாமல் இருப்பார்கள்.

அந்தப் பையன்தான் இன்று விடியற்காலை ஐந்தரைக்குக் கண் விழித்ததும் தலையணைப் பக்கம் கையை நீட்டுகிறான். இரவுக்குள் குழுக்களில் நூற்றுக்கு மேற்பட்ட செய்திகள் குவிந்திருக்கும். ரொறன்ரோவில் பனி. கொழும்பில் யாரோ ஒரு அமைச்சர் சொன்னது. நீரிழிவுக்கு வெண்டிக்காய்த் தண்ணீர். நாற்பது நிமிடம் கழித்து எழும்பும்போது தேநீர் ஆறியிருக்கும். ஏன் எரிச்சலாக இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

இது இளையவர்களின் நோய் என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் வயதுக்காரர்தான் இதில் மோசம். பசியோடு வளர்ந்தவன் பந்தியில் இருந்து இலகுவில் எழுவதில்லை. அந்த நாள்களில் எந்தப் பாதை திறந்திருக்கிறது, எங்கே ஷெல் விழுந்தது என்று தெரியாமல் வீட்டைவிட்டு இறங்க முடியாது. செய்தி அறிவது உயிர் காக்கும் வேலை. போர் முடிந்து இத்தனை வருடமாகியும் உடம்பு அதை மறக்கவில்லை. வெண்டிக்காய்த் தண்ணீரையும் அதே பதற்றத்தோடுதான் திறந்து பார்க்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் என்னை நானே திட்டுவதை நிறுத்தினேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்கினால் நல்லது.

அமெரிக்க அறிஞர் ஹேர்பேர்ட் சைமன் 1971 இலேயே ஒன்றைச் சொன்னார்: தகவல் தின்பது கேட்பவரின் கவனத்தை, தகவல் பெருகப் பெருகக் கவனத்துக்குப் பஞ்சம் வரும். டைனமோ காலத்தில் எங்களிடம் கவனம் நிறைய இருந்தது, தகவல் இல்லை. இப்போது கணக்கு தலைகீழ். இரண்டு வருடமாகத் தடுமாறி நான் கற்றுக்கொண்டதை இங்கே செய்த வரிசையில் எழுதுகிறேன். கைத்தொலைபேசியைக் கிணற்றில் போடச் சொல்ல மாட்டேன்.

முதல் மூன்று நாள்: கோடு போடுங்கள்

எதையும் மாற்ற வேண்டாம். கடையில் 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். கைத்தொலைபேசியை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டு சொல்: எதற்காக எடுத்தேன், எதைப் பார்த்துவிட்டு வைத்தேன்.

எத்தனை மணி நேரம் என்பதை அன்ட்ராய்டில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' பகுதியும் ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' பகுதியும் தாமாகவே கணக்கிட்டு வைத்திருக்கும். ஆனாலும் கொப்பியை விடாதீர்கள். நேரக் கணக்கு உங்களை வெட்கப்படுத்தும், அவ்வளவுதான். காரணத்தைக் கொப்பிதான் காட்டும். என் முதல் நாளில் அறுபத்தொரு கோடு. அதில் பதினேழு "மணி பார்க்க". மணி பார்க்கப் போனவன் பார்த்துவிட்டு வந்தது யாரோ ஒருவரின் புது வீட்டுக் குடிபுகுதல், கிரிக்கெட், ஒரு வாக்குவாதம். மணி என்னவென்று மட்டும் பார்க்கவில்லை. நான்காம் நாள் சுவர்க் கடிகாரத்துக்குப் புதுப் பற்றறி போட்டேன். அந்த ஒரு செலவில் பத்துப் பதினைந்து கோடு குறைந்தது.

அடுத்து: சுளகில் புடையுங்கள்

மூன்று நாள் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, வந்தவற்றை மூன்றாகப் பிரியுங்கள். அறிந்ததால் நான் ஏதாவது செய்யவேண்டியவை: மின்தடை அறிவித்தல், பிள்ளையின் பரீட்சைத் திகதி, மருத்துவமனைக் கிளினிக் நாள், வங்கிச் செய்தி. என் மனிதர்களைப் பற்றியவை: சாவு, பிறப்பு, சுகயீனம், கல்யாணம். மற்றவை எல்லாம் மூன்றாவது.

மூன்றாவது குவியல்தான் மலைபோல இருக்கும். அதில் உள்ளவை எல்லாம் கெட்டவை என்று எண்ண வேண்டாம்; பாதி சுவாரசியமானவை. சிக்கல் என்னவென்றால், மூன்றும் ஒரே ஒலியோடு, ஒரே சட்டைப்பைக்குள் வருகின்றன. மச்சானுக்கு நெஞ்சுவலி என்பதும் நடிகர் ஒருவரின் பிறந்தநாளும் ஒரே 'டிங்'. கல்லும் அரிசியும் கலந்து வந்தால் ஆச்சி என்ன செய்வார்? சுளகை எடுப்பார். அடுத்த படி அதுதான்.

குழுக்கள்: இதுதான் பெரிய வேலை

எங்கள் ஊரில் யாருக்கும் ஒரு வட்ஸ்அப் குழு மட்டும் இருப்பதில்லை. படித்த பாடசாலையின் பழைய மாணவர், அதே பாடசாலையின் 'வகுப்பு 94', கோவில் திருப்பணி, சனசமூக நிலையம், அம்மா வழிச் சொந்தம், அப்பா வழிச் சொந்தம், இரண்டு வழியிலும் சண்டை பிடித்தவர்கள் தனியாகத் தொடங்கியவை. உறுப்பினர்களில் பாதிப் பேர் கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருப்பார்கள். ரொறன்ரோவில் மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்து ரயிலில் உட்கார்ந்து ஒருவர் "எல்லாருக்கும் வணக்கம்" போடும்போது, இங்கே கோடையில் அதிகாலை 2.30, குளிர்காலத்தில் 3.30. லண்டனில் இரவு உணவுக்குப் பிறகு எழும் அரசியல் விவாதம் எங்கள் நடுச்சாமத்தில் உச்சத்துக்கு வரும். அவர்கள் மீது பிழையில்லை. பூமி உருண்டை.

விலகச் சொன்னால் எல்லோரும் ஒரே காரணம் சொல்வார்கள்: "ஒரு செத்தவீட்டுச் செய்தி வந்தால் எப்படித் தெரியும்?" நியாயமான பயம். செத்தவீட்டுக்குப் போகாத குற்றம் இங்கே இலேசில் மன்னிக்கப்படுவதில்லை. எனவே அந்தப் பயத்துக்கு முதலில் வழி செய்யுங்கள். ஒவ்வொரு சொந்த வழியிலும் பொறுப்பான ஒருவரைப் பிடியுங்கள். எனக்குப் பெரியம்மாவின் மகள். ஊரில் எது நடந்தாலும் அவருக்குத்தான் முதலில் தெரியும். "அக்கா, அவசரம் என்றால் எழுத வேண்டாம், அழைப்பு எடுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். அவருக்கு அது ஒரு பதவி கிடைத்த மாதிரி. இதுவரை ஒரு சாவும் எனக்குத் தெரியாமல் போகவில்லை.

இனிப் பொத்தான் வேலை. ஒரு பிற்பகல் போதும்.

ஒவ்வொரு குழுவையும் ஒலியடக்குங்கள். 8 மணித்தியாலம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று தெரிவுகள் வரும்; தயங்காமல் 'எப்போதும்'. நீங்கள் ஒலியடக்கியது குழுவில் யாருக்கும் தெரியாது, மனத்தாங்கல் வராது. பிறகு அவற்றை 'ஆர்க்கைவ்' என்ற ஆவணப் பகுதிக்கு நகர்த்துங்கள். முகப்பில் தெரியாமல் போய்விடும், புதுச் செய்தி வந்தாலும் மேலே ஏறி வராது. அமைப்புகளில் உள்ள தனியுரிமைப் பகுதியில், உங்களைக் குழுக்களில் யார் சேர்க்கலாம் என்பதை 'என் தொடர்புகள்' என்று மாற்றுங்கள். தேர்தல் காலத்தில் இதன் அருமை தெரியும். படமும் காணொளியும் தாமாகத் தரவிறங்குவதை நிறுத்துங்கள், டேட்டாவும் மிச்சம்.

இரவுக்கு 'தொந்தரவு செய்யாதே' நிலையை ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரை தானாக இயங்க வையுங்கள். நீங்கள் குறித்துவைத்த ஆள்களின் அழைப்பு மட்டும் ஒலிக்கும். மீண்டும் அழைப்பவரை அனுமதிக்கும் வசதியும் உண்டு: ஒரே எண்ணிலிருந்து இரண்டாவது அழைப்பு, ஐபோன் என்றால் மூன்று நிமிடத்துக்குள், அன்ட்ராய்ட் என்றால் பதினைந்து நிமிடத்துக்குள் வந்தால் ஒலிக்கும். இதை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

ஒருவர் மாத்திரம் என்னிடம் முறைப்பட்டார். திருப்பணிக் குழுவில் நான் கைகூப்பும் படம் போடுவதை நிறுத்திவிட்டேனாம். அவரை நேரில் சந்தித்துக் கைகூப்பினேன்.

வாசிகசாலையை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்

எங்கள் ஒழுங்கை முனையில் சனசமூக நிலையம் ஒன்று இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதன் வாசிகசாலையில் சரிந்த பலகை மேசை, இரண்டு வாங்கு, தாள் பறக்காமல் பிடிக்க ஒரு மரச் சட்டம். காலையில் உதயன், வீரகேசரி, சில நாள் தினக்குரல். ஒருவர் முன்பக்கத்தை வாசிக்கும்போது மற்றவர் விளையாட்டுப் பக்கத்துக்குக் காத்திருப்பார். உரக்க வாசித்தால் பின்னாலிருந்து ஒருவர் தொண்டையைச் செருமுவார். வாசித்து முடிந்தால் எழும்ப வேண்டும், வாங்குக்கு ஆள் நிற்கும். செய்திக்கு அங்கே ஒரு இடம் இருந்தது, ஒரு நேரம் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கடைசிப் பக்கம் என்று ஒன்று இருந்தது.

இந்த மண்ணில் பத்திரிகைப் பழக்கம் பழையது. 1841 இல் அமெரிக்க மிஷனரிமார் இங்கே தொடங்கிய உதயதாரகை தமிழும் ஆங்கிலமுமாக மாதம் இருமுறைதான் வந்தது. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை உலகம் முடிந்து, மறுபடி தொடங்கியது. அடியில்லாமல் உருண்டுகொண்டே போகும் திரையை 2006 இல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். பிற்காலத்தில் அதற்காக வருந்துவதாக அவரே பகிரங்கமாகப் பேசினார். கடைசிப் பக்கத்தைக் கிழித்துப் போட்ட வேலை அது.

அதைத் திரும்ப ஒட்டுவதுதான் உங்கள் வேலை. வீட்டில் ஒரு கதிரையைத் தெரிவு செய்யுங்கள். படுக்கை, சாப்பாட்டு மேசை, மலசலகூடம் மூன்றும் கூடாது. எங்கள் வீட்டில் விறாந்தையில் ஒரு சாய்மனைக் கதிரை. அதன் பக்கத்திலேயே சார்ஜர். காலை ஏழு முதல் ஏழரை, மாலை ஆறரைக்கு முன் இருபது நிமிடம். செய்தி, குழு, பேஸ்புக், யூரியூப் எல்லாம் அங்கே, அந்த நேரத்தில். அலாரம் அடித்தால் வாங்குக்கு வேறு ஆள் நிற்கிறார் என்று எண்ணி எழும்புங்கள். கதிரையைவிட்டு எழும்பினால் கைத்தொலைபேசி வெறும் தொலைபேசி. அழைப்பு வந்தால் எடுக்கலாம்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்றால், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனம் முழுவதுமாகக் கூட வருவதில்லை. முந்தைய வேலையில் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. சோபி லெரோய் என்ற ஆய்வாளர் 2009 இல் இதைக் 'கவன எச்சம்' என்று பெயரிட்டு எழுதினார். கணக்குப் புத்தகத்தோடு வேலை செய்யும் எனக்கு இது ஆய்வு இல்லாமலே தெரியும்: குழுவை எட்டிப் பார்த்துவிட்டு வந்து கூட்டும் நிரலில்தான் பிழை வரும்.

முடியுமானால் வாரம் ஒரு நாள் உண்மையான வாசிகசாலைக்கே போங்கள். கதிரைகள் காலியாகத்தான் இருக்கின்றன.

சேமித்தது போதும்

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1981 ஜூன் மாதம் பிறந்த இரவில் எங்கள் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அதைக் கேட்டு வளர்ந்த ஊருக்கு, கையில் கிடைத்ததை விட மனம் வராது. என் கைத்தொலைபேசியில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் "பிறகு வாசிக்க" என்று கிடந்தன. பழைய நூல் அட்டைகள், மருத்துவக் குறிப்புகள், யாரோ எழுதிய ஊர் வரலாறு. ஒன்றையும் பிறகு வாசிக்கவில்லை.

பாதுகாக்கும் வேலையை அதற்கென்று உள்ளவர்கள் செய்கிறார்கள். 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் பழைய பத்திரிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. வேண்டும்போது தேடி எடுக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படங்களை அழித்தேன். இருநூறு மிஞ்சியது, எல்லாம் குடும்பப் படங்கள். அப்பாவின் ஒரே வண்ணப் படம் ஒரு வெண்டிக்காய்க் குறிப்புக்கும் ஒரு ராசிபலனுக்கும் இடையில் கிடந்தது.

அனுப்புவதற்கு முன்

2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, ஒரு நிலையத்தில் பெற்றோல் வந்துவிட்டது என்று வந்த செய்தியை நான் பத்துப் பேருக்கு அனுப்பினேன். உதவி செய்கிறேன் என்ற நினைப்பு. என் மச்சான் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் வெயிலில் ஆறு மணித்தியாலம் நின்று வெறுங்கையோடு வந்தார். செய்தி இரண்டு நாள் பழையது. அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டார்.

அன்றிலிருந்து என் வழக்கம் இது. செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால், அது ஐந்து கைகளாவது மாறி வந்தது என்று பொருள். 2020 ஏப்ரல் முதல் அத்தகைய செய்தியை ஒரு தடவையில் ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்ப வட்ஸ்அப் விடுகிறது. நான் அந்த ஓர் இடத்துக்கும் அனுப்புவதில்லை. புயல், வெள்ளம் என்றால் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைப் பார்ப்பேன், அல்லது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஐ அழைப்பேன். ஊர் விடயம் என்றால் கிராம அலுவலரைக் கேட்கலாம். மருந்து, வைத்தியம் பற்றியவற்றை எந்த நிலையிலும் அனுப்புவதில்லை. மற்றவை ஓர் இரவு கிடக்கட்டும். காலையில் பத்தில் ஒன்பதை அனுப்பத் தோன்றாது.

விளக்கு வைக்கும் நேரம்

மேலே சொன்னவற்றைச் செய்தால் நாளில் ஒரு மணி நேரம், சிலருக்கு இரண்டு மணி நேரம் காலியாகும். இங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள். காலியான இடத்தில் தொலைக்காட்சி நாடகம் வந்து உட்கார்ந்துவிடும். எனவே அதில் பத்து நிமிடத்தையாவது வேலிகட்டி வையுங்கள்.

நான் விளக்கு வைக்கும் நேரத்தை எடுத்துக்கொண்டேன். கிணற்றடிக் கல்லில் பத்து நிமிடம், கையில் ஒன்றும் இல்லாமல். ஆசனம், மூச்சுப் பயிற்சி எதுவும் தேவையில்லை, தெரிந்தவர்கள் செய்யட்டும். முதல் வாரம் கை வெறும் சட்டைப்பையைத் தடவும், அடிக்காத மணி அடித்ததுபோல இருக்கும், யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நெஞ்சு பதைக்கும். எழும்பாதீர்கள். இரண்டாவது வாரத்தில் சலிப்பு வரும், அது நல்ல அறிகுறி. பதற்றம் இருக்கும்போது சலிப்பு வராது.

வீட்டில் இடமில்லை என்றால் ஊரில் இருக்கிறது. வண்ணார்பண்ணையில் சிவதொண்டன் நிலையத்துத் தியான மண்டபத்தில் எவரும் பேசுவதில்லை. மாலையில் பண்ணைப் பாலத்துப் பக்கம் கடற்காற்றில் நடக்கலாம், கைத்தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டு. நல்லூர்த் தேரடி இருக்கிறது. அங்கே உலாவிய செல்லப்பா சுவாமியும் அவருடைய சீடர் யோகர் சுவாமியும் (1872–1964) சொன்ன வாக்கியம் ஒன்று இங்கே எல்லோர் வாயிலும் உண்டு: "எப்பவோ முடிந்த காரியம்." அதன் தத்துவம் எனக்கு எட்டாது. ஆனால் 'சற்றுமுன் கிடைத்த செய்தி' என்று திரையில் சிவப்புப் பட்டை ஓடும்போதெல்லாம் அதை ஒரு தடவை சொல்லிப் பார்ப்பேன். குறும்புதான், பலிக்கிறது.

தவறும் நாள்கள் வரும். பரீட்சை முடிவு வெளியாகும் நாள், தேர்தல் இரவு, புயல் எச்சரிக்கை. அன்று கதிரையாவது அலாரமாவது. மறுநாள் காலை ஏழு மணிக்கு மறுபடி கதிரையில் உட்காருங்கள். வீட்டில் முதியவர் இருந்தால் அவர்மேல் இந்தச் சட்டங்களைத் திணிக்காதீர்கள். என் அம்மாவுக்கு ரொறன்ரோப் பேத்தியின் காணொளி அழைப்புத்தான் நாளின் சூரியன். அது எந்த நேரம் வந்தாலும் வரட்டும்.

கொப்பியில் மூன்று வரி

கோடு போட்ட கொப்பியில் இன்னும் பக்கங்கள் இருக்கும். இரவு படுக்க முன் மூன்று வரி எழுதுங்கள். இன்று என் கண்ணால் கண்ட ஒன்று. இன்று கேட்டதில் எனக்குச் சந்தேகமான ஒன்று. நாளை யாருக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாவதும் மூன்றாவதும் இலகு. முதல் வரிதான் கடினம். என் முதல் இரவில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. ரொறன்ரோவில் எத்தனை அங்குலம் பனி என்று தெரியும், என் வளவில் என்ன நடந்தது என்று தெரியாது. அடுத்த இரவும் வெறுமை. மூன்றாம் இரவு "நாய் நொண்டுகிறது" என்று எழுதினேன். எத்தனை நாளாக நொண்டுகிறது என்று மனைவியிடம் கேட்டேன். ஒரு மாதமாக என்றார்.

நேற்றைய வரி இது: மேற்கு வேலிப் பக்க முருங்கை பூத்திருக்கிறது, அடுத்த வீட்டு ஐயா படலையில் நின்று யாரையோ எதிர்பார்த்தார், இருட்டும்வரை யாரும் வரவில்லை.

மூன்றாவது வரியில் அவருடைய பெயரை எழுதிவிட்டு விளக்கை அணைத்தேன்.